ரவுட்டர்ல கெர்னலை மட்டும் மாத்த முடியுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார். என் ரவுட்டர் உள்ள டெல்நெட் வழியா போய் கெர்னல் வெர்ஷன் பாத்தேன், 2.6.36னு காட்டுது. கம்பெனிக்காரங்க நடுவுல புது ஃபர்ம்வேர் குடுத்தாங்க, அதையும் போட்டேன், அப்பவும் நம்பர் மாறல. லேப்டாப்ல லினக்ஸ் கெர்னலை ஒரே கமாண்ட்ல அப்டேட் பண்றோமே, இதுல மட்டும் ஏன் முடியல?

பதில்: கெர்னல்ங்கறது ஃபர்ம்வேரோட, அதாவது ரவுட்டருக்குள்ள ஓடற மென்பொருளோட, மையப் பகுதி. நீங்க பாத்த 2.6.36 வெளிவந்தது 2010 அக்டோபர்ல. அதை இன்னும் ஓட்டிட்டு இருக்கிற ரவுட்டர் உங்களோடது மட்டும் இல்ல, நிறைய இருக்கு, அதுக்கு காரணம் வெறும் சோம்பேறித்தனம்னு சொல்லிட முடியாது.

லேப்டாப்ல கெர்னல் எழுந்ததும் பயாஸே "இங்க இது இருக்கு, அங்க அது இருக்கு"ன்னு பட்டியல் குடுத்துடும், பிசிஐ பஸ்ல மாட்டியிருக்கிறதெல்லாம் தானே பேரைச் சொல்லும், அதனால ஒரே கெர்னல் எந்த லேப்டாப்லயும் ஓடும். ரவுட்டர் போர்டுல அந்த வசதி கிடையாது. ஃப்ளாஷ் (ஃபர்ம்வேர் இருக்கிற மெமரி) எந்த அட்ரஸ்ல இருக்கு, சுவிட்ச் சிப் எதோட இணைஞ்சிருக்கு, ரீசெட் பட்டன் எந்த பின்ல இருக்குன்னு எல்லாத்தையும் நாமதான் கெர்னலுக்கு எழுதிக் குடுக்கணும். முன்னாடி இதை போர்டுக்கு ஒரு சி ஃபைலா எழுதுவாங்க, இப்ப டிவைஸ் ட்ரீயா, அதாவது போர்டுல எது எங்க இருக்குன்னு சொல்ற தனி பட்டியல் ஃபைலா எழுதுறாங்க.

ஆனா உண்மையான சிக்கல் அது இல்ல, டிரைவர்தான். சிப் கம்பெனி ஏதோ ஒரு காலத்துல இருந்த கெர்னலை எடுத்து, அது மேல தன்னோட சுவிட்ச் டிரைவர், நேட்டை (வீட்டு கருவிகள் எல்லாம் ஒரே இன்டர்நெட் முகவரியை பகிர்ற முறை) வேகப்படுத்துற கோட், வைஃபை டிரைவர் எல்லாத்தையும் ஏத்தி ஒரு மூட்டையா ரவுட்டர் கம்பெனிக்கு குடுக்கும். வைஃபை டிரைவர் பல நேரம் சோர்ஸே இல்லாம கம்பைல் பண்ணின பைனரியா வரும், அந்த பைனரி அந்த ஒரு கெர்னலோட மட்டும்தான் பேசும். லினக்ஸ்ல வெளிய இருக்கிற புரோகிராம்களுக்கு குடுத்த வாக்கை காப்பாத்துவாங்க, ஆனா கெர்னலுக்கு உள்ள டிரைவர் கூப்பிடுற ஃபங்ஷன்கள் அப்படியே இருக்கும்னு யாரும் வாக்கு குடுக்கல, கெர்னல் டாகுமெண்டேஷன்லயே இதை தெளிவா எழுதி வெச்சிருக்காங்க.

ஒண்ணு ரெண்டு சொல்றேன். டிரைவர்கள் டைமர் வைக்கிற பழைய முறையை 4.15ல மொத்தமா எடுத்துட்டாங்க. ப்ராக் ஃபைல் (கெர்னல் தன் தகவலை வெளிய காட்டுற ஃபைல்) திறக்கிற விதம் 5.6ல மாறிச்சு. 5.17ல நெட்வொர்க் கார்டோட மேக் அட்ரஸை (அதோட அடையாள எண்) டிரைவர் நேரா போய் எழுத முடியாதபடி பூட்டிட்டாங்க, அதுக்குன்னு இருக்கிற ஃபங்ஷன் வழியாதான் எழுதணும். சோர்ஸ் கையில இருந்தா இது ஒரு வரி மாத்தற வேலை. பைனரி மட்டும் இருந்தா ஒண்ணுமே பண்ண முடியாது. அதனாலதான் கம்பெனி அப்டேட்ல வெப் பக்கம் மாறும், டிஎன்எஸ் புரோகிராம் மாறும், கெர்னல் அங்கேயே நிக்கும்.

அதனால உங்க ரவுட்டர்ல கெர்னலை மட்டும் தனியா கழட்டி மாத்த முடியாது. அந்த சிப்புக்கு சோர்ஸோட டிரைவர் எழுதி யாராவது பராமரிக்கிறாங்களான்னு பாருங்க, ஓபன்டபிள்யூஆர்டி (ரவுட்டர்களுக்கான திறந்த சோர்ஸ் லினக்ஸ் ஃபர்ம்வேர்) டிவைஸ் பட்டியல்ல உங்க மாடலும் அதோட ஹார்டுவேர் ரிவிஷன் நம்பரும் சரியா இருந்தா வழி இருக்கு. மாடல் பேர் ஒண்ணா இருந்தாலும் ரிவிஷன் மாறினா உள்ள சிப்பே வேறயா இருக்கும், ரவுட்டர் அடியில ஒட்டியிருக்கிற லேபிளை படிக்காம எதையும் டவுன்லோட் பண்ணாதீங்க.

கேள்வி: கெர்னல் நம்பர் பழசா இருந்தாலே ஓட்டைன்னு அர்த்தமா? எங்க ஆபீஸ் ரவுட்டர்ல 4.4 இருக்கு, மாத்தியே ஆகணுமா?

பதில்: நம்பரை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க. பழைய கெர்னல்லயே புது பாதுகாப்பு திருத்தங்களை பின்னாடி கொண்டு வந்து ஒட்டுற கம்பெனிகளும் இருக்கு, அப்ப நம்பர் மாறாது, ஓட்டை மட்டும் அடைஞ்சிருக்கும். ஆனா அதை சோர்ஸ் பாத்தாதான் உறுதியா சொல்ல முடியும். கெர்னலோட அதிகாரபூர்வ தளமான கெர்னல்.ஆர்க் பக்கத்துல 4.4க்கு ஆதரவு 2022 பிப்ரவரியோட முடிஞ்சது, 4.9க்கு 2023 ஜனவரி, 4.14க்கு 2024 ஜனவரி. அதுக்கப்புறம் வர்ற ஓட்டைகளை உங்க கம்பெனி தன் சொந்த செலவுல அடைச்சாதான் உண்டு.

ஆபத்து எவ்வளவுன்னு கணக்கு போடறதுக்கு ஒரு உதாரணம். 2019 ஜூன்ல சாக் பேனிக்னு ஒரு ஓட்டை வெளிவந்தது, 2.6.29ல இருந்து எல்லா கெர்னலும் மாட்டிச்சு, வெளிய இருந்து திட்டமிட்டு அனுப்புற டிசிபி பாக்கெட்டுகளாலயே கெர்னலை விழ வைக்கலாம். ஆனா ரவுட்டர் வழியா கடந்து போற பாக்கெட்டால இது நடக்காது, ரவுட்டரே ஒரு டிசிபி கனெக்‌ஷனை வாங்கினாலோ தானே தொடங்கினாலோதான் நடக்கும். ரிமோட் மேனேஜ்மெண்ட்டை மூடி வெச்சு, வெளிப்பக்கம் ஒரு போர்ட்டும் திறக்காம இருந்தா இன்டர்நெட்ல இருந்து வர்றவனுக்கு கதவு இல்ல. இன்னிக்கே அதை பண்ணுங்க, மாத்தறதை அப்புறம் நிதானமா பாக்கலாம்.

கேள்வி: அண்ணா, என்கிட்ட 4 எம்பி ஃப்ளாஷ், 32 எம்பி ராம் இருக்கிற பழைய ரவுட்டர் இருக்கு. ஓபன்டபிள்யூஆர்டி 19.07 ஓடுது. புதுசு போடணும், ஏதாவது ட்ரிக் இருக்கா?

பதில்: இல்ல தம்பி. 21.02ல இருந்து குறைஞ்சது 8 எம்பி ஃப்ளாஷும் 64 எம்பி ராமும் வேணும்னு அவங்களே சொல்லிட்டாங்க. ஒவ்வொரு கெர்னலும் முந்தினதை விட கொஞ்சம் பெருசாதான் வருது. வெப் பக்கம், ஐபிவி6, பிபிபி எல்லாத்தையும் வெட்டிப் போட்டு ஒரு இமேஜை (ஃப்ளாஷ்ல எழுதற ஃபர்ம்வேர் ஃபைல்) 4 எம்பிக்குள்ள திணிக்கலாம்தான், ஆனா 32 எம்பி ராம்ல வைஃபை கொஞ்சம் பிஸி ஆனதும் மெமரி பத்தாம கெர்னல் புரோகிராமை கொல்ல ஆரம்பிக்கும். கத்துக்கறதுக்கு வெச்சுக்கோங்க, சீரியல் கேபிள் (போர்டோட நேரா பேசற கம்பி) போட்டு பழக இது அருமையான போர்டு. வீட்டு இன்டர்நெட்டை இதுல விடாதீங்க.

கேள்வி: நாங்க ஒரு சின்ன டீம், எங்க சொந்த போர்டுக்கு ஓபன்டபிள்யூஆர்டி சோர்ஸ்ல இருந்து ஃபர்ம்வேர் பில்டு பண்றோம். இப்ப 5.15ல இருக்கோம், 6.6க்கு போகணும்னு முடிவு பண்ணியிருக்கோம். எங்க ஆரம்பிக்கிறது, எதுல மாட்டுவோம்?

பதில்: இந்த கேள்வி வந்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம், ஏன்னா இதை நிறைய பேர் தப்பான முனையில ஆரம்பிக்கிறாங்க. மேக்ஃபைல்ல நம்பரை மாத்தி பில்டு போட்டு, எர்ரர் வர்ற இடத்தையெல்லாம் கமெண்ட் பண்ணி, எப்படியோ கம்பைல் ஆனதும் ஃப்ளாஷ் பண்ணிடறாங்க. கம்பைல் ஆகறது இந்த வேலையில சின்ன பகுதிதான்.

முதல்ல உங்க சிப்போட டார்கெட்டை, அதாவது அந்த சிப் குடும்பத்துக்கான கோட் தொகுப்பை, ஓபன்டபிள்யூஆர்டியே 6.6க்கு கொண்டு போயிட்டாங்களான்னு பாருங்க. 23.05 வெளியீடு 5.15ல, 2025 பிப்ரவரில வந்த 24.10 வெளியீடு 6.6ல. அங்க உங்க டார்கெட் இருந்தா உங்க வேலை உங்க டிவைஸ் ட்ரீயையும் நீங்களா சேத்த சில பேட்ச்களையும் (கோட்ல பண்ணின மாற்றங்களோட ஃபைல்கள்) புது மரத்துக்கு (சோர்ஸ் தொகுப்புக்கு) நகர்த்தறது மட்டும்தான். அதை விட்டுட்டு பழைய மரத்துக்குள்ள புது கெர்னலை இழுத்துட்டு வராதீங்க, அடுத்த தடவையும் இதே வேலையை நீங்களே சுமக்க வேண்டி வரும்.

டார்கெட்டே உங்க சொந்தமா இருந்தா, பேட்ச் ஃபோல்டரையும் கான்ஃபிக் ஃபைலையும் புது நம்பருக்கு காப்பி பண்ணணும். கையால பண்ணாதீங்க, ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டர்ல கெர்னல் பம்ப்னு ஒரு ஸ்கிரிப்ட் இருக்கு, அது கிட் (கோட் மாற்றங்களை பதிவு பண்ற டூல்) வரலாறு அறுந்து போகாம நகர்த்தும், ஆறு மாசம் கழிச்சு "இந்த வரியை யார் எதுக்கு போட்டா"ன்னு தேடறப்ப அதோட அருமை தெரியும். டார்கெட் மேக்ஃபைல்ல டெஸ்டிங் கெர்னல்னு தனியா ஒரு வரி வைக்கலாம், அதுல 6.6ஐ போட்டுட்டா பழசு அப்படியே இருக்கும், மெனுல தேர்ந்தெடுத்தவங்களுக்கு மட்டும் புதுசு பில்டு ஆகும், டீம்ல மத்தவங்க வேலை நிக்காது.

அப்புறம் பேட்ச்கள். ஒவ்வொண்ணையும் திறந்து படிங்க. அது ஏற்கனவே மெயின் கெர்னல்ல சேந்திருக்கா? சேந்திருந்தா தூக்கிடுங்க. "இது ஏற்கனவே போட்ட பேட்ச் மாதிரி இருக்கு"ன்னு டூல் சொல்றதை மட்டும் நம்பி தூக்காதீங்க, பாதி மட்டும் உள்ள போயிருக்கிற பேட்ச்களும் உண்டு, மீதி பாதிதான் உங்க போர்டுக்கு தேவையானதா இருக்கும். பொருந்தாததை குயில்ட்னு பேட்ச்களை கையாளற டூல் வெச்சு ஒவ்வொண்ணா சரி பண்ணி ரெஃப்ரெஷ் பண்ணுங்க. இன்னொண்ணு, 5.15ல இருந்து 6.6க்கு ஒரே தாவா தாவாம நடுவுல 6.1ல ஒரு தடவை பூட் பண்ணி பாத்துக்கோங்க, ஏதாவது உடைஞ்சா எந்த பக்கம் உடைஞ்சதுன்னு தேடற தூரம் பாதியாகும்.

கான்ஃபிக் கேக்கற புது கேள்விகளுக்கெல்லாம் என்டர் தட்டிட்டே போகாதீங்க. பேர் மாறின ஆப்ஷனும் உண்டு, பழைய பேர் சத்தமில்லாம காணாம போகும், அதோட உங்க டிரைவரும் காணாம போகும்.

இப்ப பூட். ஃப்ளாஷ்ல எழுதாதீங்க. இனிட்ராம்எஃப்எஸ் இமேஜை (முழுசா ராம்லயே ஓடற இமேஜ்) பில்டு பண்ணி, யூபூட்ல (கெர்னலை எழுப்பற பூட்லோடர்) நிறுத்தி, டிஎஃப்டிபி (நெட்வொர்க்ல ஃபைல் அனுப்பற எளிய முறை) வழியா ராமுக்கு இறக்கி அங்கிருந்தே பூட் பண்ணுங்க. சொதப்பினா பவரை அணைச்சு போட்டா பழையது வந்துடும், எத்தனை தடவை வேணும்னாலும் விழலாம்.

அது எழுந்து நின்னதும் பழைய கெர்னலோட பூட் லாகையும் புதுசோட லாகையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு வரி வரியா பாருங்க, இதை நான் எவ்வளவு அழுத்தி சொன்னாலும் போதாது. பார்ட்டிஷன் ஆரம்பிக்கிற இடம் எல்லாம் அதேதானா? லேன் 1 லேன் 4 வரிசை புரண்டிருக்கா? வைஃபை தன்னோட அளவீட்டு டேட்டாவை படிச்சிருக்கா, இல்ல ஏதோ பொது மதிப்பை எடுத்துக்கிச்சா?

குறிப்பா மேக் அட்ரஸ். முன்னாடி டிவைஸ் ட்ரீல "மேக் அட்ரஸை இந்த பார்ட்டிஷன்ல இந்த இடத்துல இருந்து எடு"ன்னு ஓபன்டபிள்யூஆர்டிக்கே உரிய ஒரு வரி இருந்தது, அப்புறம் அதை எடுத்துட்டு மெயின் கெர்னல் முறையில என்விமெம்னு எழுத ஆரம்பிச்சாங்க. உங்க ஃபைல்ல பழைய வரியே இருந்தா எர்ரர் எதுவும் வராது, கெர்னல் அதை கண்டுக்காம தானா ஒரு மேக் அட்ரஸ் உருவாக்கிக்கும், ஒவ்வொரு ரீபூட்டுக்கும் வேற வேற நம்பர். டேபிள் மேல வெச்சு டெஸ்ட் பண்றப்ப நெட் ஓடும், எல்லாம் சரின்னு தோணும். வாடிக்கையாளர் இடத்துக்கு போனதும் மேக் பாத்து கனெக்‌ஷன் குடுக்கிற சர்வீஸ்ல ரீபூட்டுக்கு ரீபூட் நெட் அறுந்து போகும். ரெண்டு தடவை ரீபூட் பண்ணி மேக் அட்ரஸை எழுதி வெச்சு ஒப்பிட்டா இது பிடிபட்டுடும்.

நேண்ட் ஃப்ளாஷ் போர்டா இருந்தா ஈசிசி (பிழை திருத்தற குறியீடு) அமைப்பு பழைய கெர்னல்ல எப்படியோ அதேதான் புதுசுலயும் இருக்கணும், மாறினா நல்லா இருக்கிற டேட்டாவே கெட்டுப் போனதா தெரியும், அந்த நிலைமையில புது கெர்னலை எழுத விட்டா உண்மையாவே கெட்டுப் போகும். அதே மாதிரி கெர்னல் பார்ட்டிஷன் சைஸ். சில யூபூட் ஃப்ளாஷ்ல இருந்து குறிப்பிட்ட அளவு மட்டும்தான் படிக்கும், புது கெர்னல் அதை தாண்டிச்சுன்னா வால் அறுந்த இமேஜ்தான் ராமுக்கு வரும், சீரியல்ல சிஆர்சி (டேட்டா முழுசா இருக்கான்னு பாக்கற எண்) தப்புன்னு காட்டி நின்னுடும். இனிட்ராம்எஃப்எஸ்ல இது தெரியவே தெரியாது, ஏன்னா அது ஃப்ளாஷை தொடல. அதனால இமேஜ் சைஸை தனியா பாத்துக்கோங்க.

கடைசியா, ரீபூட் கமாண்ட் வேலை செய்யுதா, பவரை உருவி மாட்டினாலும் எழுந்து வருதா, வாட்ச்டாக் (கெர்னல் தொங்கினா தானா ரீசெட் பண்ற டைமர்) உண்மையாவே ரீசெட் பண்ணுதான்னு தனித்தனியா பாருங்க. வார்ம் பூட்ல (பவர் போகாம ரீபூட்) ஓடி கோல்ட் பூட்ல (பவரை உருவி மாட்டி) ஓடாத போர்டு இருக்கு, முன்னாடி ஓடின கெர்னல் எழுப்பி வெச்சிட்டுப் போன ஏதோ ஒரு ரெகுலேட்டரை (மின்சாரம் குடுக்கிற பகுதி) நம்பி புது டிரைவர் உக்காந்திருக்கும்.

கேள்வி: நானே பில்டு பண்ணி புது கெர்னல் போட்டேன், நல்லா ஓடுது. ஆனா யூஎஸ்பி மாட்யூல் பேக்கேஜ் போட போனா கெர்னல் பொருந்தலன்னு எர்ரர். வெர்ஷன் நம்பர் அதேதானே?

பதில்: நம்பர் அதேதான், ஹேஷ் (கைரேகை மாதிரி ஒரு எண்) வேற. ஓபன்டபிள்யூஆர்டி கெர்னல் கான்ஃபிக்ல இருந்து ஒரு ஹேஷ் எடுத்து மாட்யூல் பேக்கேஜோட கட்டிப் போடுது, நீங்க ஒரு ஆப்ஷன் மாத்தியிருந்தாலும் ஹேஷ் மாறிடும். ஃபோர்ஸ் பண்ணி போடாதீங்க, உள்ள ஸ்ட்ரக்சர் அளவு மாறியிருந்தா ரவுட்டர் கண்ட நேரத்துல விழும். தேவைப்படும்னு தோணற மாட்யூல் எல்லாத்தையும் பில்டு பண்றப்பவே 'எம்' (மாட்யூல்) போட்டு கூடவே கம்பைல் பண்ணி அந்த பேக்கேஜ்களை பத்திரமா வெச்சுக்கோங்க. கெர்னல்ல கை வைக்கவே தேவை இல்லன்னா இமேஜ் பில்டர் (ரெடியா இருக்கிற பேக்கேஜ்களை சேத்து இமேஜ் ஆக்கற டூல்) போதும், அதுல அதிகாரபூர்வ கெர்னலே வரும், பேக்கேஜும் பொருந்தும்.

கேள்வி: கம்பெனி ஃபர்ம்வேர்ல முழு வேகம் வந்தது. புது கெர்னல் இருக்கிற ஃபர்ம்வேர் போட்டதும் வேகம் பாதியா குறைஞ்சிடுச்சு. புதுசுன்னா வேகமா இருக்க வேண்டாமா?

பதில்: கம்பெனி ஃபர்ம்வேர்ல பாக்கெட்டை கெர்னலோட முழு நெட்வொர்க் பாதை வழியா விடாம குறுக்குவழில அனுப்புற கோட் இருக்கும், சில சிப்ல அதுக்கு தனி ஹார்டுவேரே உண்டு. அது மூடின கோடா இருந்தா புது ஃபர்ம்வேர்ல வராது, அப்ப எல்லா பாக்கெட்டும் சிபியு மேல விழும். இன்னொரு பழைய சங்கதியும் உண்டு, 3.6ல ஐபிவி4 ரூட் கேஷையே (பாக்கெட் எங்க போகணும்னு நினைவுல வெச்சிருந்த பட்டியல்) எடுத்துட்டாங்க, அந்த கேஷை நம்பி எழுதின பழைய குறுக்குவழிகளும் அதோட போச்சு.

ஃபயர்வால் செட்டிங்ல சாஃப்ட்வேர் ஃப்ளோ ஆஃப்லோட்னு இதே மாதிரி ஒரு குறுக்குவழி இருக்கும், ஆன் பண்ணி பாருங்க. மீடியாடெக் எம்டி7621 மாதிரி சிப்புல ஹார்டுவேர் ஆஃப்லோடும் கிடைக்கும், வித்தியாசம் நல்லா தெரியும். ஆனா கேக் (பாக்கெட்டை வரிசைப்படுத்தற முறை) போட்டு எஸ்க்யூஎம் (லைன் நெரிசலை குறைக்கிற வசதி) வெச்சிருந்தா ஆஃப்லோட் வேண்டாம், வரிசைப்படுத்தற இடத்தை பாக்கெட் தாண்டிப் போயிடும், ரெண்டும் சேந்து ஓடாது. வேகமா, கேம் ஆடறப்ப தடுமாறாத லைனான்னு நீங்கதான் தேர்ந்தெடுக்கணும், நான்னா கொஞ்சம் வேகத்தை விட்டுட்டு கேக் வெச்சுப்பேன்.

வைஃபை வேகம் குறைஞ்சா அது வேற கணக்கு. ஓபன்டபிள்யூஆர்டில வைஃபை அடுக்கை கெர்னல்ல இருந்து எடுக்காம புது கெர்னல்ல இருந்து தனி பேக்கேஜா பின்னாடி கொண்டு வந்து போடறாங்க, அதனால கெர்னல் நம்பரை வெச்சு வைஃபை டிரைவர் புதுசா பழசான்னு சொல்ல முடியாது.

கேள்வி: அப்கிரேட் பண்ணினேன், பவர் லைட் மட்டும் எரியுது, வேற ஒண்ணும் இல்ல. தூக்கிப் போட்டுடவா?

பதில்: போடாதீங்க. பூட்லோடர் அழியாத வரைக்கும் திரும்ப எடுக்கலாம். முதல்ல ஃபெயில்சேஃப் (உங்க செட்டிங்கை ஒதுக்கிட்டு எழற முறை), பூட் ஆகறப்ப லைட் மின்ன ஆரம்பிச்சதும் ரீசெட் பட்டனை தட்டுங்க, கெர்னல் ஓடி கான்ஃபிக் மட்டும் சொதப்பியிருந்தா அங்கேயே சரியாகும். கெர்னலே எழலன்னா ரீசெட்டை அழுத்திட்டே பவர் போட்டா டிஎஃப்டிபிலயோ வெப் பக்கத்துலயோ ரெக்கவரி குடுக்கிற பூட்லோடர்கள் நிறைய, உங்க மாடல் பக்கத்துல எழுதியிருக்கும்.

அதுவும் இல்லன்னா மூடியை திறந்து சீரியல். 3.3 வோல்ட் யூஎஸ்பி டிடிஎல் அடாப்டர் வாங்குங்க, 5 வோல்ட் போட்டாலோ பழைய கம்ப்யூட்டர் பின்னாடி இருக்கிற ஆர்எஸ்232 போர்ட்ல நேரா குடுத்தாலோ சிப் போயிடும். கிரவுண்டுக்கு கிரவுண்டு, இந்த பக்க டிஎக்ஸ் (அனுப்பற பின்) அந்த பக்க ஆர்எக்ஸ் (வாங்கற பின்), விசிசி (மின்சாரம்) பின்னை தொடவே வேண்டாம். பெரும்பாலான போர்டுக்கு 115200 வேகம். திரையில எழுத்து ஓட ஆரம்பிச்சதும் எங்க நிக்குதுன்னு கெர்னலே சொல்லிடும், பாதி பயம் போயிடும்.

ரவுட்டர் திரும்பி வந்ததும் முதல் வேலையா எல்லா பார்ட்டிஷனையும் படிச்சு கம்ப்யூட்டர்ல காப்பி எடுத்து வைங்க, அதுலயும் ஏஆர்டின்னோ ஃபேக்டரின்னோ பேர் இருக்கிறதை ரெண்டு இடத்துல வைங்க. வைஃபை ரேடியோவோட அளவீடும் மேக் அட்ரஸும் அதுலதான் இருக்கு, அந்த ஒரு பீஸுக்குன்னு தொழிற்சாலையில அளந்து எழுதினது, அதே மாடல் வேற ரவுட்டர்ல இருந்து எடுத்துப் போட்டாலும் சரியா பொருந்தாது. கெர்னலும் ரூட் ஃபைல்சிஸ்டமும் எப்ப வேணா டவுன்லோட் பண்ணிக்கலாம், இது அழிஞ்சா எங்கயும் கிடைக்காது.

கேள்வி: எங்க மாடலுக்கு ஓபன்டபிள்யூஆர்டி இல்ல. கெர்னல் சோர்ஸை கம்பெனிகிட்ட கேட்டா குடுப்பாங்களா?

பதில்: கேளுங்க, அது உங்க உரிமை. லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் 2 லைசன்ஸ்ல இருக்கு, பைனரியை உங்க கையில குடுத்தவங்க அதுக்கான சோர்ஸையும் குடுக்கணும். ஓபன்டபிள்யூஆர்டி 2004ல முளைச்சதே லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரோட சோர்ஸ் இப்படி வெளிய வந்ததாலதான். மெயில் எழுதறப்ப மாடல், ஹார்டுவேர் ரிவிஷன், ஃபர்ம்வேர் வெர்ஷன் மூணையும் குறிப்பிட்டு "இதே வெர்ஷனுக்கான முழு சோர்ஸும் பில்டு ஸ்கிரிப்ட்டும்"னு கேளுங்க, வெறுமனே கெர்னல்னு கேட்டா மாத்தாத ஒரிஜினல் கெர்னலை அனுப்பி முடிச்சிடுவாங்க. வந்ததும் உங்க போர்டோட ஃபைலும் சுவிட்ச் டிரைவரும் உள்ள இருக்கான்னு பாருங்க, இருந்தா அந்த சிப் குடும்பத்துல வேலை செய்யறவங்களுக்கு அதை காட்டுங்க.